அவரைவிட மைல்டு

பஞ்சநாதன் வீட்டுக்கு வரும் ஆங்கிலமெல்லாம் அவர் மகன் வெற்றிவேல் வழியாகத்தான் தமிழாகும். கேஸ் கம்பெனிக்காரன் அனுப்பும் குறுஞ்செய்தி, மாத்திரை அட்டையின் முதுகு, மிக்ஸியோடு வந்த எச்சரிக்கைத் தாள் எல்லாம் அவனிடம்தான் வந்து நிற்கும். முத்தியால்பேட்டையில் அந்தத் தெருவுக்கே அவன்தான் ஆங்கிலம். ஒருமுறை எதிர்வீட்டுக்காரர்கள் பிரான்சிலிருந்து வந்த கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினார்கள். அது பிரெஞ்சு, நான் படிப்பது இங்கிலீஷ் என்று அவன் விளக்கினான். "அப்ப நீ இன்னாதான் படிக்கிற" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்கள்.

லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் எம்.ஏ. ஆங்கிலம் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தான். படித்து முடித்து என்ன ஆவான் என்பது யாருக்கும் தெரியாது. பல்கலைக்கழகத்துக்கும் தெரியாது. ஆனால் வீட்டில் அவனுக்கு அப்போதே வேலை கிடைத்துவிட்டது. சம்பளமில்லாத மொழிபெயர்ப்பாளர் வேலை. அதற்கென்று எழுதாத விதி ஒன்றும் இருந்தது. பரீட்சையில் வாங்கியது முப்பத்தொன்பது என்றால் வீட்டில் ஐம்பது. கரண்ட் ஆபீசில் நாளை பியூஸைப் பிடுங்கிவிடுவோம் என்று எழுதியிருந்தால் வீட்டில் "கட்டச் சொல்றாம்மா". வரும் செய்தியைக் கொஞ்சம் ஆறவைத்துக் கொடுக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்கக் கொடுத்தால் அம்மாவுக்குப் பிரஷர் ஏறிவிடும்.

பஞ்சநாதனுக்கு பைக் சீட் தைக்கிற தொழில். வீட்டின் முன்பக்க அறைதான் பட்டறை. நாள் முழுவதும் ஸ்பாஞ்சையும் ரெக்சினையும் வெட்டித் தைத்துக்கொண்டிருப்பார். எல்லாவற்றையும் சின்னதாகச் சொல்கிற மனிதர். தையல் மிஷின் ஊசி விரலில் ஏறி மறுபக்கம் வந்தபோது "லேசா குத்திச்சு" என்றார். அதனால், மாடிப்படி ஏறும்போது "கொஞ்சம் இரைக்குது" என்று அவர் சொன்ன அன்றைக்கே மனைவி கமலவேணி அவரைப் பட்டறையில் உட்காரவிடவில்லை. மறுநாளே அவரையும் மகனையும் கூட்டிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அங்கே இருந்த டாக்டர் வடக்கத்திக்காரர். அவரிடம் நான்கு தமிழ்ச் சொற்கள் இருந்தன: வாங்கோ, வலி, மூச்சு, போங்கோ. இந்த நான்கை வைத்தே ஒரு நாளைக்கு நூறு பேரை அவர் பார்த்துவிடுவார். ஐந்தாவது சொல் தேவைப்படும்போது, நோயாளியின் பக்கத்தில் நிற்கும் படித்த முகத்தைத் தேடுவார். அன்றைக்கு அவர் கண்டெடுத்த முகம் வெற்றிவேலுடையது.

உள்ளே போவதற்கு முன்பே கமலவேணி மகனைத் தூண் ஓரமாக ஒதுக்கிச் சொல்லியிருந்தாள்.

"டாக்டர் இன்னா சொன்னாலும் உங்கப்பாகிட்ட பெருசா சொல்லிடாத. அந்த மனுசன் பாதி பயத்துலயே போயிடுவாரு."

"அப்பா பயப்பட மாட்டாரும்மா."

"நான் பயப்படுவேன்ல."

டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டி ஆங்கிலத்தில் பேசினார். இதயத்தில் ஒரு வால்வு மூடுவதே இல்லை, தள்ளுகிற ரத்தமெல்லாம் பின்னாலேயே திரும்புகிறது, இதயம் வீங்கத் தொடங்கிவிட்டது, நிலைமை கடுமை, வால்வை மாற்றியாக வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. நல்ல தெளிவான ஆங்கிலம். வெற்றிவேலின் பேராசிரியர்களே அவ்வளவு தெளிவாகப் பேச மாட்டார்கள். சொல்லி முடித்துவிட்டு, இவரிடம் சொல்லுங்கள் என்று பஞ்சநாதனைக் கைகாட்டினார்.

பஞ்சநாதன் சட்டைப் பொத்தானைப் போட்டபடி மகனைப் பார்த்தார். அவன் முதுகில் அம்மாவின் இரண்டு விரல்கள் கிள்ளுவதற்குத் தயாராக இருந்தன.

"ஒரு வால்வு கொஞ்சம் லூசா இருக்காம்ப்பா. மைல்டுதானாம். சின்னதா ஒரு ஆபரேசன் பண்ணி டைட் பண்ணிட்டா சரியாயிடுமாம். கூப்புடுவாங்களாம், அப்ப வந்தா போதுமாம்."

"அதான பாத்தேன்" என்றார் பஞ்சநாதன்.

டாக்டர் அவருடைய முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்துக் கொஞ்சம் குழம்பினார். தமிழர்கள் தைரியசாலிகள் என்று நினைத்திருக்கலாம். "போங்கோ" என்றார். வெளியே வந்ததும் வெற்றிவேல் அம்மாவிடம் மட்டும் பாதி நிஜத்தைச் சொன்னான்.

அதன்பின் அந்த வீட்டில் மைல்டு என்ற சொல் குடியேறியது. சீட் தைக்க வருகிறவர்களிடம் பஞ்சநாதன் தானாகவே சொன்னார்: "ஆர்ட்டுதான். மைல்டு." டீக்கடையில் சொன்னார். கோயில் வரிக்கு வந்தவர்களிடம் சொன்னார். யாராவது அவருக்கு முன்னால் மூச்சு வாங்கினால், "எதுக்கும் பாத்துக்க, எனக்கு மைல்டோட போச்சு" என்று புத்தி சொன்னார். இரவில் படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் தலையணையை நிறுத்திச் சாய்ந்து உட்கார்ந்து தூங்கக் கற்றுக்கொண்டார். "இப்படித் தூங்கறதுதாண்டா சொகமே. இத்தன வருசம் வேஸ்ட்டு பண்ணிட்டேன்" என்றார். வெற்றிவேல் அந்தப் பக்கமே திரும்பாமல் புத்தகத்தைப் பார்த்தான். புத்தகம் தலைகீழாக இல்லை. ஆனால் இருந்திருந்தாலும் வித்தியாசம் இல்லை.

வாராவாரம் ரத்தப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே பெஞ்சில் அவருக்கு ஒரு சிநேகிதர் கிடைத்தார். வீராம்பட்டினத்துக்காரர், பாவாடை என்று பெயர். மீன்பிடிக்கப் படகில் போய்க்கொண்டிருந்தவர், இப்போது போக முடியவில்லை. அவருக்கும் அதே வால்வு. பஞ்சநாதன் எல்லாவற்றையும் சின்னதாகச் சொல்கிறவர் என்றால், பாவாடை எல்லாவற்றையும் பெரிதாகச் சொல்கிறவர்.

"மூச்சு நின்னு நின்னு வருதுண்ணே. நேத்து சாயந்தரம் ஒரு நாழி நின்னே போச்சு."

"நின்னு போனா எப்படிய்யா உக்காந்து பேசற?"

"திரும்ப வந்துச்சுண்ணே. வந்ததால பேசறேன்."

பாவாடையின் மனைவி தனக்கொடி மீன் விற்கிறவள். மீனையும் சேதியையும் கூடையோடு அப்படியே இறக்கிவைத்துத்தான் அவளுக்குப் பழக்கம். "டாக்டர் சொல்லிட்டாருண்ணே, வால்வு போயிடுச்சாம், மாத்தலன்னா செத்துருவாராம்" என்று கணவரை வைத்துக்கொண்டே சொன்னாள். பாவாடை ஆமாம் என்று தலையாட்டினார். பஞ்சநாதன் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டார். "பாவம்டா அந்த ஆளு. எனக்காவது மைல்டு."

இதற்கிடையில் கல்லூரியில் ஒரு கருத்தரங்கு. செந்தமிழ்ச்செல்வி மேடம் ஆங்கிலச் சொற்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கினார். ஆளுக்கு ஒரு சொல். அதன் பொருளும் பிறந்த கதையும் சொல்ல வேண்டும். ஒருவனுக்கு அரபு நாட்டிலிருந்து வந்த சொல் கிடைத்தது. இன்னொருத்திக்குக் கப்பற்கொள்ளைக்காரர்களோடு சம்பந்தப்பட்ட சொல். வெற்றிவேல் சீட்டைப் பிரித்தான். மைல்டர்.

"மேடம், இதுல ஒண்ணும் இல்லியே மேடம்."

"தேடு, இருக்கும்" என்றார் மேடம். எல்லாச் சொல்லுக்கும் அவர் சொல்கிற பதில் அது.

தேடினான். இருந்தது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குக் காரமில்லாத, கடுமையில்லாத என்பதெல்லாம் முதல் பொருள் இல்லை. இரக்கமுள்ள என்பதுதான். அடிக்க வலுவிருந்தும் அடிக்காமல் விடுகிற ராஜாவுக்கும் கடவுளுக்கும் அதைச் சொன்னார்கள். பிறகுதான் அது வெயிலுக்கும் பனிக்கும் இறங்கி, சோப்புக்கும் சிகரெட்டுக்கும் வந்து, கடைசியில் நோய்க்கு வந்து சேர்ந்தது. வேரைத் தோண்டினால் இன்னும் வேடிக்கை. மென்மை என்ற பொருளில் எங்கேயோ ஒரு பழைய வேர். அதிலிருந்துதான் லத்தீனுக்கு ஒன்று, அதன் வழியாகப் பிரெஞ்சுக்காரர்களின் 'மூ', வடமொழிக்கு ஒன்று, அங்கிருந்து நம் மிருது. அதாவது மைல்டும் மிருதுவும் தூரத்துப் பங்காளிகள். ஒருவரை ஒருவர் தெரியாமலேயே எதிரெதிர் தெருவில் வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள்.

இவ்வளவும் அவனுக்கு உண்மையாகவே பிடித்திருந்தது. பிடிக்காதது அந்தச் சொல்லின் வால், மைல்டுக்குப் பின்னால் ஒட்டியிருந்த அந்த 'அர்'. தமிழில் எதையும் ஒப்பிட வேண்டுமென்றால் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்தியாக வேண்டும், அவரைவிட இவருக்கு என்று. ஆங்கிலத்தில் வாலை மட்டும் ஒட்டிவிட்டு அந்த ஆளைக் கதவுக்குப் பின்னால் மறைத்துவிடலாம். ஆனால் ஆள் இருப்பார். ஒருவருக்கு லேசாக இருக்க வேண்டுமென்றால் இன்னொருவருக்குக் கனமாக இருந்தே ஆக வேண்டும். இதை ஆங்கிலத்தில் எழுதி அடிக்கோடு போட்டான். அப்பாவுக்கு ஒப்பாகத் தான் யாரை மறைத்து வைத்திருக்கிறோம் என்று அன்றைக்கு அவன் யோசிக்கவில்லை. மதிப்பெண்ணை யோசித்தான்.

கருத்தரங்கு நன்றாகவே போனது. ராஜா, கடவுள், சோப்பு, சிகரெட் வரிசைக்குச் சிரிப்பு கிடைத்தது. முடிவில் மேடம் ஒரு உதாரண வாக்கியம் கேட்டார். இன்றைய வெயில் நேற்றையதைவிட மைல்டர் என்றான். மின்விசிறிக்குக் கீழே நோட்டை விசிறிக்கொண்டிருந்த வகுப்பு அதை நம்பவில்லை. மேடம் கைதட்டச் சொன்னார், தட்டினார்கள்.

வெளியே வந்து, ஓசை அடக்கி வைத்திருந்த போனை எடுத்துப் பார்த்தான். ஒரே எண்ணிலிருந்து மூன்று அழைப்புகள் வந்து போயிருந்தன. ஆஸ்பத்திரி எண். திரும்ப அடித்தான், வேறு யாரோடோ பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னது. வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு விரட்டினான்.

அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். பட்டறையில் பஞ்சநாதன் ஒரு புல்லட் சீட்டுக்கு ரெக்சின் இழுத்துக்கொண்டிருந்தார். ஒரு இழுப்பு, ஒரு ஓய்வு, மறுபடி ஒரு இழுப்பு. முகம் மட்டும் பிரகாசமாக இருந்தது.

"ஆஸ்பத்திரிலருந்து போன் வந்துச்சுடா. உனக்கு அடிச்சாங்களாம், நீ எடுக்கலியாம். அப்புறம் எனக்கு அடிச்சாங்க."

"இன்னா சொன்னாங்க?"

"நாளைக்கே வந்து படுத்துக்கணுமாம். மறுநாள் காலைல ஆபரேசனாம். வேணாம்னுட்டேன்."

வெற்றிவேல் கையில் இருந்த ஹெல்மெட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

"வேணாம்னா? யார கேட்டு வேணாம்ன?"

"இருடா, முழுசா கேளு. நீங்க வரலன்னா அடுத்த ஆள கூப்புடுவோம்னுச்சு அந்தப் பொண்ணு. அடுத்த ஆளு யாரும்மான்னேன். அது பேரு சொல்லல, வீராம்பட்டினம்னுச்சு. எனக்குப் புரிஞ்சிடுச்சு. தாயே, எனக்கு மைல்டுதான், அந்த ஆளுதான் மூச்சு நின்னு நின்னு கஷ்டப்படறாரு, மொதல்ல அவரக் கூப்புடுன்னேன். கண்டிப்பா வேணாமான்னு இன்னொருவாட்டி கேட்டுச்சு. கண்டிப்பான்னேன்." ரெக்சினை விட்டுவிட்டு மூச்சை இழுத்துக்கொண்டார். "தனக்கொடி போன் பண்ணுச்சுடா. அழுவுது. அந்தப் பொம்பள அழுது நான் பாத்ததே இல்ல."

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒரு பெருமையை அவர் முகத்தில் வெற்றிவேல் பார்த்தான். சீட் தைக்கிற மனிதருக்கு ஒருவரின் உயிரைக் கையில் வைத்துக் கொடுக்கிற வாய்ப்பு எத்தனை முறை வரும்? வந்தது, கொடுத்துவிட்டார். கொடுத்தது யாருடைய உயிர் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. அதை மொழிபெயர்த்தவனுக்குத் தெரியும்.

அம்மா வந்து விஷயம் தெரிந்ததும் அடுப்படியில் போய் உட்கார்ந்துவிட்டாள். "நான்தான் சொல்லாதன்னேன். நீ சொல்லாம இருப்பியா" என்றாள். அது கேள்வியா, குற்றச்சாட்டா, மன்னிப்பா என்று அவனால் பிரிக்க முடியவில்லை. மூன்றும்தான் என்று தோன்றியது. ஆஸ்பத்திரிக்கு மறுபடி போன் செய்ததில், நோயாளியே வேண்டாம் என்றுவிட்டார், இனி டாக்டரைத்தான் பார்க்க வேண்டும் என்றது அதே பெண் குரல்.

மறுநாள் மதியம் போனான். பாவாடை அதற்குள் சேர்ந்துவிட்டிருந்தார். மார்பு மயிரை மழித்து, பச்சைத் துணி கட்டி, கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தனக்கொடி வார்டு வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"வா தம்பி. அப்பா வரலியா? அவர ஒருவாட்டி பாக்கணும்னு சொல்லிக்கினே இருக்காரு. பொழச்சி வந்தா மொத மீனு உங்க வீட்டுக்குதான்."

"டாக்டரப் பாக்கணும்மா."

"தோ வராரு. நானும் ஒண்ணு கேக்கணும். எனக்கும் கேட்டுச் சொல்லு தம்பி, அவரு பேசறது எழவு ஒண்ணும் புரியல."

டாக்டர் வந்தார். வெற்றிவேலை அடையாளம் கண்டதும் முகம் மாறியது. உன் அப்பா ஏன் மறுத்தார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் சரியாகச் சொல்லவில்லை என்றான் வெற்றிவேல். எதைச் சொன்னாய்? மைல்டு என்று சொன்னேன். டாக்டர் கழுத்திலிருந்த ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிக் கையில் சுருட்டினார். அவரிடம் இருந்த நான்கு தமிழ்ச் சொல்லும் அதற்குப் பயன்படவில்லை, ஆங்கிலமும் பயன்படவில்லை.

பிறகு சொன்னார். இன்று மாலைக்குள் இந்தக் குடும்பம் சம்மதித்தால் முறையை மாற்றிக்கொள்ளலாம், உன் அப்பாவைக் கூட்டி வா. விட்டால் அடுத்த முறை இரண்டு மாதம் கழித்துத்தான். உன் அப்பாவின் இதயம் இரண்டு மாதம் தாங்கும் என்று நான் சொல்ல மாட்டேன். இவருக்கும் வால்வு போய்விட்டது, ஆனால் இவர் இதயம் இன்னும் பலமாகத்தான் இருக்கிறது. இவருடையது மைல்டர். இவர் காத்திருந்திருக்கலாம்.

அந்தச் சொல்லை அவ்வளவு சரியான இடத்தில் வைத்து யாரும் பேசி அவன் கேட்டதில்லை. கதவுக்குப் பின்னால் இருந்த ஆள் வெளியே வந்துவிட்டார். முத்தியால்பேட்டையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தூங்குகிறவர்.

"இன்னா தம்பி சொல்றாரு?" தனக்கொடி அவன் முழங்கையைத் தொட்டாள். "அவரப் பத்திதான சொல்றாரு? கை காட்டறாரே."

சொல்லிவிடலாம். ஒரே ஒரு வாக்கியம். அம்மா, உங்க வீட்டுக்காரர் காத்திருக்கலாம், எங்கப்பாவால முடியாது. அவள் கூடையோடு இறக்கிவைக்கிற பெண், கூடையோடு வாங்கிக்கொள்ளவும் தெரிந்தவள். ஒருவேளை சரி என்றிருப்பாள். ஒருவேளை அவன் சட்டையைப் பிடித்திருப்பாள். இரண்டில் எது என்று கேட்டால்தான் தெரியும். கட்டிலில் இருந்து பாவாடை கும்பிட்டார். வெற்றிவேலைப் பார்த்து இல்லை, அவன் வழியாக வேறு யாரையோ பார்த்து.

"நல்லாயிடும்ங்கறாரும்மா" என்றான். "அவரு ஆர்ட்டு இன்னும் ஸ்ட்ராங்காதான் இருக்காம்."

அது பொய்யில்லை. அவன் செய்த மொழிபெயர்ப்புகளிலேயே ஒரு சொல் பிசகாமல் இருந்தது அதுதான். மிச்சத்தைத்தான் விட்டுவிட்டான். தனக்கொடி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சம்மதமா என்று கேட்டார். அவன் தலையை அசைத்தான். எந்தப் பக்கம் என்று அவனுக்கே தெரியாத ஒரு அசைப்பு. டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

கடற்கரைச் சாலை வழியாக வண்டியை உருட்டிக்கொண்டு வந்தான். ஓட்டினால் சீக்கிரம் வீடு வந்துவிடும். பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய வீடுகளின் முன்னால் நின்று ஊர்ப்பட்ட ஜனம் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. மஞ்சள் சுவர் ஒன்றின் முன்னால், கொஞ்சம் தள்ளி நில்லுங்க அண்ணா என்று அவனிடம் சொன்னார்கள். தள்ளி நின்றான். தனக்குக் கேட்கும் உரிமை இல்லை என்று ஒரு நியாயத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தான். கொடுத்தவர் அப்பா. திரும்பக் கேட்பதென்றால் அவர்தான் கேட்க வேண்டும். கேட்க வேண்டுமென்றால் அவருக்குத் தெரிய வேண்டும். மாலைக்கு இன்னும் நேரம் இருந்தது. சட்டென்று வண்டியைக் கிளப்பினான்.

பஞ்சநாதன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். புல்லட் சீட் பாதியில் கிடந்தது. கால்கள் வீங்கி, பாதத்தில் செருப்பு வாரின் தடம் பள்ளமாகப் பதிந்திருந்தது.

"அப்பா, உனக்கு மைல்டு இல்லப்பா."

பஞ்சநாதன் கண்ணைத் திறந்தார்.

"டாக்டர் மொத நாளே சொன்னாரு. ரொம்ப மோசம்னு. வால்வு போயிடுச்சு, ஆர்ட்டு வீங்கிடுச்சு, தள்ளிப்போடாதன்னாரு. நான்தான் மாத்திச் சொன்னேன். பாவாடைக்கு உன்ன மாதிரி இல்ல, அவரு காத்துக்கினு இருக்கலாமாம். இன்னிக்கு சாயந்தரத்துக்குள்ள அவங்க சரின்னா மாத்திக்கலாம்னு சொல்றாரு. நான் கேக்கல. நீ கேளுப்பா. போன் பண்ணு."

ஆறவைக்காமல் அவன் கொடுத்த முதல் செய்தி அது. அப்பா கத்துவார் என்று எதிர்பார்த்தான், அழுவார் என்றும் எதிர்பார்த்தான். அவர் வீங்கிய கால்களைப் பார்த்தார். நாள்கணக்காக அவை அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்த ஒன்றைக் கடைசியில் கேட்டவர்போல.

"அதான் படுக்க முடியலியா" என்றார்.

"ஆமாம்ப்பா."

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப நான் ஒருத்தன்தான் தெரியாம ஊர் பூரா சொல்லிக்கினு இருந்தனா?" சிரிக்கப் பார்த்தார், மூச்சு இடம் கொடுக்கவில்லை. "டீக்கடைல இன்னா நினைச்சிருப்பானுங்க."

"அப்பா, டைம் இல்லப்பா. போன் பண்ணு."

பஞ்சநாதன் கையை நீட்டினார். வெற்றிவேல் பாவாடையின் எண்ணை அடித்துக் கொடுத்தான். மணி அடிப்பது அவனுக்கும் கேட்டது. அப்பா என்ன சொல்லித் தொடங்குவார் என்று யோசித்தான். கொடுத்ததைத் திரும்பக் கேட்க எந்த மொழியில் என்ன சொல் இருக்கிறது?

"பாவாடை, நான்தான்யா, முத்தியால்பேட்டை." ஒரு மூச்சு. "சாப்டியா? ஓ, ஒண்ணும் தரக் கூடாதா. சரி சரி." ஒரு மூச்சு. அந்தப் பக்கம் பாவாடை நீளமாகப் பேசினார். அவருடைய பயம் இங்கேயே கேட்டது. மூச்சு நின்றுவிடும், மயக்கம் கொடுத்தால் எழுந்திருக்க மாட்டேன், வேண்டாம்ண்ணே, வீட்டுக்கே போயிடறேன்ண்ணே.

பஞ்சநாதன் கேட்டுக்கொண்டே இருந்தார். சரி, போயிடுய்யா என்று அவர் சொன்னால் போதும். அவ்வளவு சுலபமாக அது அவர் வாய்க்கு எதிரே வந்து நின்றது. வெற்றிவேல் அப்பாவின் உதட்டையே பார்த்தான்.

"கேளுய்யா" என்றார் பஞ்சநாதன். "உனக்கு மைல்டுதானாம். எம் பையன் இப்பதான் டாக்டர்கிட்டயே கேட்டுக்கினு வந்தான். உன் ஆர்ட்டு நல்லா கல்லு மாதிரி இருக்காம். இங்கிலீஷ்லயே சொன்னாராம்." நின்று மூச்சு வாங்கினார். "அவன் எம்.ஏ. படிக்கிறான்யா, தப்பா சொல்ல மாட்டான். காலைல தைரியமா போ. ஒண்ணும் ஆவாது."

போனை மகனிடம் நீட்டினார்.

"ஏம்ப்பா?" என்றான் வெற்றிவேல்.

"மார மழிச்சிட்டானுங்களாம்டா. எப்படிக் கேக்கறது." தலையணையை முதுகுக்குப் பின்னால் இழுத்துச் சரிசெய்தார். "அடுத்தது எப்பவாம்?"

"ரெண்டு மாசம்."

"அவ்ளோதான?"

ஒரு தரம் ஆமாம் என்று சொன்னால் போதும். நாக்கு அந்தப் பக்கம்தான் திரும்பியது, பழக்கம். "அது வரைக்கும் தாங்கும்னு சொல்ல மாட்டேன்னு சொன்னாருப்பா" என்றான்.

பஞ்சநாதன் தலையை ஆட்டினார். தெருவில் கமலவேணியின் குரல் கேட்டது. காய்க்காரரிடம் கத்திரிக்காயில் புழு இருப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

"அவகிட்ட ரெண்டு மாசம்னு மட்டும் சொல்லு" என்றார். "மிச்சத்த சொல்லாத."

அவள் முறத்தில் கத்திரிக்காயோடு உள்ளே வந்து, இருவர் முகத்தையும் பார்த்தாள். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். பஞ்சநாதன் கண்ணை மூடிக்கொண்டார். வெற்றிவேல் சொன்னான், மிச்சத்தையும்.